கை வைத்த மாடு

உக்கிரபாண்டிக்கு வாக்கப்பட்டு வந்து ஒச்சாயிக்கு இருபத்திரண்டு வருசம் ஆகிறது. அதில் புருசனோடு ஒரே கூரைக்குக் கீழே படுத்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருசம் தேறாது. மிச்சத்தையெல்லாம் மாடுகள் தின்றுவிட்டன. தை பிறந்து அறுப்பு முடிந்ததும் அவர் கிடையைப் பத்திக்கொண்டு சோழவந்தான் பக்கம் போய்விடுவார். மேய்ந்து வந்த மாடுகள் பொழுதடைந்தால் ஏதாவது ஒரு சம்சாரியின் வெறும் வயலில் படுக்கும். சாணியும் கோமியமும் விழுந்து மண் உரமாகும். மறுநாள் அடுத்த வயல். புரட்டாசி முடியும்வரைக்கும் இதே பொழப்புத்தான். ஐப்பசியில் வயலெல்லாம் பயிராகிவிட்டால் மேலூருக்கு வடக்கே, மலையடிவாரத்துக் கரட்டுக்கு ஓட்டி வருவார். ஊருக்கும் கரட்டுக்கும் மூன்று மைல்தான். அந்த நாலு மாசமும் புருசன் கிட்டத்தில் இருக்கிறார் என்று பேர்.

"எம் புருசனுக்கு நூத்தி நாப்பத்திமூணு சக்களத்தி" என்பாள் ஒச்சாயி, குழாயடியில் குடத்தை வைத்துக்கொண்டு. "அதுல ஒருத்தியாச்சும் அந்தாளுக்குக் கஞ்சி காச்சி ஊத்துவாளா? அதுக்கு மட்டும் நான் வேணும்."

சொல்லிவிட்டு அவளே சிரித்துக்கொள்வாள். வேறு எவளாவது அவரை ஒரு சொல் சொல்லிவிட்டால் அப்புறம் குழாயடி தாங்காது.

அவரை எப்படிக் குறை சொல்வது? மகள் எத்தனாம் வகுப்பு என்று கேட்டால் விரலை மடக்கி யோசிக்கிற மனுசன்தான். ஆனால் நூற்று நாற்பத்து மூன்று மாட்டில் எதைக் காட்டிக் கேட்டாலும் அதன் தாய் எது, தாயைப் பெற்ற தாய் எது, எந்த ஊர்க் கம்மாய்க் கரையில் ஈன்றது என்று நின்ற நிலையில் சொல்லுவார். காலில் செருப்பு கிடையாது. தோளில் ஒரு கம்பளி, கையில் கம்பு, இடுப்பில் கத்தி, மழைக்குத் தலையில் மாட்டிக்கொள்ள உரச் சாக்கில் மடித்த கொங்காணி. அவ்வளவுதான் சொத்து. காற்று திரும்புவதை வைத்தே மழை மலையில் இறங்குமா தரையில் இறங்குமா என்பார். ஒரு தடவை வாடிப்பட்டிக்குப் பக்கத்தில் கன்று குறுக்கே நின்றுபோய், மாட்டு டாக்டர் வந்து கையை விரித்துவிட்டுப் போன மாட்டின் பக்கத்தில் மூன்று மணி நேரம் சேற்றில் படுத்துக் கிடந்தார். முழங்கைவரை உள்ளே விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கன்றைத் திருப்பி எடுத்தார். தாயும் பிழைத்தது, கன்றும் பிழைத்தது. அன்று கை மரத்துப்போய் அவரால் சோற்றைப் பிசைய முடியவில்லை, பார்க்கப் போயிருந்த ஒச்சாயிதான் ஊட்டிவிட்டாள். இதையும் குழாயடியில் சொல்லுவாள்.

தொண்ணூற்று மூன்றாம் வருசம் கார்த்திகையில் நாலு நாள் விடாத மழை. ஐந்தாம் நாள் காலையில் கொஞ்சம் வெறித்தது. ஒச்சாயி கேப்பைக்களியை உருட்டி வைத்து, நெத்திலிக் கருவாட்டுக் குழம்பைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டு கிளம்பினாள். ஊருக்கும் கரட்டுக்கும் நடுவே ஒரு ஓடை. எப்போதும் முழங்கால் தண்ணிதான், சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடந்துவிடலாம். அன்று கரைக்குப் போய்ச் சேர்ந்தவள் வாயைப் பிளந்து நின்றாள். ஓடை இருந்த இடத்தில் செம்மண் தண்ணி ஓடிக்கொண்டிருந்தது. கரட்டில் இனி நிற்க முடியாதென்று, ஊர்ப்பக்கத்துப் பொட்டலுக்கு வர அந்தத் தண்ணிக்குள் கிடை இறங்கிக்கொண்டிருந்தது.

முன்னால் பெரிய மயிலை வந்தது. அதுதான் முன்னத்தி மாடு. ஒச்சாயிக்குத் தாய்வீட்டுச் சீதனமாக வந்த பசுவின் பேத்தி. அது நடந்தால் கிடை நடக்கும், நின்றால் கிடை நிற்கும். லாரி போகிற தார்ரோடானாலும் வைகையானாலும் உக்கிரபாண்டி அதைத்தான் முதலில் இறக்குவார். அப்படி ஒரு மாட்டைப் பழக்கி எடுக்க மூன்று வருசம் ஆகும், எல்லா மாடும் பழகிவிடவும் செய்யாது. மயிலை இல்லாத கிடை என்றால் திக்குக்கு ஒன்றாகச் சிதறிப்போகும். மயிலை மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு தண்ணியை அறுத்து வந்தது. பின்னாலேயே வரிசை பிசகாமல் அத்தனை மாடும் வந்தன. கன்றுகளைத் தாய்க்கு மேல்பக்கம் விடாமல் தண்ணி போகிற பக்கத்திலேயே அணைத்து ஓட்டி, கடைசி ஆளாக நெஞ்சுத் தண்ணியில் உக்கிரபாண்டி வந்தார்.

"ஹோ... ஹோ... நட தாயி, நட!"

இந்தக் கரையில் ஒச்சாயியின் தம்பி சங்கிலி நின்றுகொண்டு ஏறுகிற மாடுகளை எண்ணினான். கல் குவாரியில் கொஞ்ச நாள் வேலை பார்த்துவிட்டு, தூசி ஒத்துக்கொள்ளாமல் அக்கா புருசனிடம் வந்து சேர்ந்தவன். இரண்டு பிள்ளைக்குத் தகப்பன்.

"நூத்தி நாப்பத்திமூணு. கணக்குச் சரியா இருக்கு மச்சான்!"

உக்கிரபாண்டி கரையேறித் தலைத்துண்டைப் பிழிந்தார். மாடுகளை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"கணக்குச் சரிதான் மாப்ள. மாடு சரியில்ல."

"என்ன சொல்றீக?"

"அந்தா, கருவேலத்துக்கிட்ட நிக்கிதுல்ல, கருப்பும் வெள்ளையும். அது நம்ம மாடு இல்ல. கழுத்துல கயிறு கெடக்கு பாரு. எவுகளோ வீட்டு மாடு, வெள்ளத்துக்குக் கட்டறுத்து ஓடியாந்து கூட்டத்துல சேந்துருக்கு. நம்ம கருமறை எங்க?"

சங்கிலிக்கு முகம் செத்துவிட்டது. தலையை எண்ணினவன் மாட்டைப் பார்க்கவில்லை. கருமறை அங்கே இல்லை.

கருமறை உக்கிரபாண்டியின் சொந்த மாடு இல்லை. அதே ஊரில் இருக்கிற சோணையம்மாள் வாரத்துக்கு விட்டது. புருசன் போனபிறகு கீரை விற்றுப் பிழைக்கிறவள், அவளுக்கு இருப்பதே அந்த ஒரு மாடுதான். ஒரு ஈற்றுக் கன்று அவளுக்கு, மறு ஈற்றுக் கன்று மேய்க்கிறவருக்கு என்று பேச்சு.

"அந்தா!" என்று ஒச்சாயிதான் கத்தினாள்.

ஓடைக்கு நடுவே, கொஞ்சம் கீழே, சாய்ந்து கிடந்த மருத மரத்தின் வேருக்குள் கருமறை மாட்டிக்கொண்டு நின்றது. கொம்பும் மூக்கும் மட்டும் தெரிந்தன. தண்ணி ஏறிக்கொண்டிருந்தது.

உக்கிரபாண்டி தூக்குவாளியைக்கூடப் பார்க்கவில்லை. கரையோடு மேல்பக்கமாக ஓடினார்.

"யோவ்! கிறுக்குப் பிடிச்சிருக்கா ஒனக்கு? வயசு என்ன ஆகுது! நில்லுய்யா!" ஒச்சாயிக்கு மரியாதையெல்லாம் பறந்துவிட்டது. "இந்தா, சொல்றேன்ல! நம்ம மாடுன்னாலும் பரவாயில்ல, போய்த் தொலையிதுன்னு விடலாம்..."

"நம்ம மாடுன்னா விட்டுருவேன்டி" என்று திரும்பாமலேயே சொல்லிவிட்டு இறங்கினார்.

நேரே மரத்துக்கு நீந்தவில்லை. ஐம்பது கஜம் மேலே போய் இறங்கி, தண்ணியின் போக்கிலேயே சாய்ந்து வந்து வேரைப் பிடித்தார். கருமறையின் கழுத்தைத் தட்டினார். இடுப்புக் கத்தியை உருவிக்கொண்டு முங்கினார். ஒச்சாயி மனசுக்குள் எண்ணினாள். எழுந்தார், மூச்சு வாங்கினார், மறுபடி முங்கினார். மூன்று தடவை. அடியில் கொடி பின்னியிருக்கிறது போல. நாலாவது முங்கில் மாட்டின் கால் விடுபட்டுவிட்டது. ஆனால் எவ்வளவு நேரமாக அந்த இழுப்பை எதிர்த்து நின்றதோ, அதற்குத் தெம்பு இல்லை. ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவர் கொம்பைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து உருண்டார்கள்.

"ஆத்தாடீ!" ஒச்சாயி களியைப் போட்டுவிட்டுக் கரையோடு ஓடினாள். சங்கிலி அவளுக்கு முன்னால் ஓடினான். பாறை இறக்கத்தில் தண்ணி இரைகிற இடத்துக்கு மேலே, நாணல் புதரைப் பிடித்துக்கொண்டு ஒரு கை தெரிந்தது. சங்கிலி துண்டை வீசினான். இழுத்துப் போட்டார்கள். கைமூட்டில் தோல் வழன்று ரத்தம் வந்தது. கத்தி மட்டும் இன்னும் கையிலேயே இருந்தது. மாடு இல்லை. அது பாறைக்குக் கீழே போய்விட்டது.

சங்கிலி முதலில் கேட்டது இதைத்தான்: "காதை அறுத்தீகளா மச்சான்?"

உக்கிரபாண்டி இருமித் தண்ணியைக் கக்கினார். "உசுரோட இருந்துச்சு மாப்ள. உசுரோட இருக்குற மாட்டுக் காதையா அறுப்பேன்?"

கேட்டதில் சங்கிலியைக் குற்றம் சொல்ல முடியாது. கிடைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. வாரத்துக்கு மாடு விடுகிற ஒவ்வொரு வீட்டுக்கும் காதில் ஒரு குறி. சோணையம்மாள் வீட்டுக்கு வலது காதில் பிறை மாதிரி ஒரு வெட்டு. மாடு செத்துப்போனால் அந்தக் காதை அறுத்துக்கொண்டு போய்ச் சொந்தக்காரர் கையில் கொடுக்க வேண்டும். 'செத்தது நிசம், நான் விற்றுத் தின்னவில்லை' என்பதற்கு அதுதான் சாட்சி. காது கொடுத்துவிட்டால் பேச்சு முடிந்தது, யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். காது இல்லையென்றால் மறுநாள் காலையில் சொந்தக்காரர் கிடைக்குள் இறங்கிக் கை வைப்பார். கிடைக்காரரின் சொந்த மாடுகளில் எதன் மேல் கை வைக்கிறாரோ அது அவருடையது. மறுபேச்சுப் பேசக் கூடாது. எந்த மாட்டையும் மறைக்கவும் கூடாது.

ஒச்சாயிக்கு அப்போதுதான் உறைத்தது. சோணையம்மாள் ஒன்றும் தெரியாதவள் இல்லை. மாடு பார்க்கத் தெரிந்தவள். அவள் கை எங்கே போகும்? மயிலைமேல்தான் போகும்.

பொழுது சாயும்வரை மூன்று பேரும் ஓடைக்கரையெல்லாம் தேடினார்கள். ஓடை போய் விழுகிற கம்மாய் கடல் மாதிரிக் கிடந்தது. கருமறை கிடைக்கவில்லை. தேடி அலுத்துக் கிடைக்குத் திரும்பினபோது அந்த வேற்று மாடு நம் வீட்டு மாடு மாதிரி அசைபோட்டுக்கொண்டு படுத்திருந்தது. சங்கிலி அதையே பார்த்தான்.

"மச்சான், கோவிச்சுக்கிறாதீக, ஒண்ணு சொல்றேன். இதுவும் கருப்பு வெள்ளதான். கொம்புகூட அதே வாட்டம். காதுல குறி கெடையாது. சோணையம்மா மாட்டைப் பாக்குறது வருசத்துக்கு ஒருக்கா, மாட்டுப் பொங்கலுக்கு. வலது காதுல ஒரு வெட்டு... அம்புட்டுத்தான். யாருக்கும் பொல்லாப்பு இல்ல."

உக்கிரபாண்டி காயத்தில் வேப்பெண்ணெயைத் தடவிக்கொண்டிருந்தார். மாட்டுக்குத் தடவுகிற அதே எண்ணெய்தான்.

ஒச்சாயி ஒன்றும் பேசாமல் இருந்திருக்கலாம். இருக்க முடியவில்லை. "அவன் சொல்றதுலயும் ஒரு இது இருக்கு. மயிலைய விட்டுட்டு என்ன பண்ணுவீக? தையில வைகையத் தாண்டி எப்பிடி ஓட்டுவீக? நான் என்ன பொய்யா சொல்லச் சொல்றேன்? பேசாம இருங்கன்னுதான சொல்றேன்."

அவர் எண்ணெய்ச் சீசாவை மூடி வைத்தார். அவளைப் பார்த்தார். கோபமே இல்லை, அதுதான் அவளுக்கு வலித்தது.

"ஏத்தா ஒச்சாயி, இன்னிக்கு ஓடைக்கரையில நீ எப்பிடிக் கத்துன? அதே மாதிரி இந்த மாட்டைத் தேடி ஒருத்தி இப்ப எங்கயோ நின்னு கத்திக்கிட்டு இருப்பா. மடியப் பாரு, தெறிக்கிது. கன்னு வீட்டுல கெடக்கு." சங்கிலி பக்கம் திரும்பினார். "கழுத்துல கெடக்குறது கத்தாழைக் கயிறு மாப்ள. இப்பிடி மூணு பிரி போட்டுத் திரிக்கிறது காஞ்சரம்பட்டியில நாலு வீடுதான். விடியவும் பாலத்து வழியாப் பத்திக்கிட்டுப் போ. ஊருக்குள்ள நொழைஞ்சா அதுவே வீட்டைக் காட்டிரும்."

"ஏழு மைல் மச்சான்."

"ஏழுதான?"

அதோடு எழுந்தார். ஈர வேட்டியோடு ஊரைப் பார்த்து நடந்தார். காலையிலிருந்து பச்சைத் தண்ணி பல்லில் படவில்லை. ஒச்சாயி பின்னால் போனாள்.

சோணையம்மாள் வாசலில் உட்கார்ந்து மறுநாள் மேலூர்ச் சந்தைக்குத் தண்டங்கீரையைக் கட்டுக்கட்டாகக் கட்டிக்கொண்டிருந்தாள். உக்கிரபாண்டி வெறுங்கையோடு முன்னால் வந்து நின்றதைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிட்டது.

"அக்கா, கருமறைய ஓடை கொண்டுக்கிட்டுப் போயிருச்சு."

"காது?"

"இல்லக்கா."

சோணையம்மாள் அழுதாள். வைதாள். "ஒன்னய நம்பித்தானப்பா விட்டேன்! ஊருல எவன்கிட்டயும் விடலயே! அடுத்த ஈத்துக் கன்ன வித்து இந்தக் கூரைக்கு ஓடு போடுவோம்னு இருந்தேனே, எம் பொழப்புல மண்ணப் போட்டுட்டியே!" உக்கிரபாண்டி தலையைக் குனிந்துகொண்டு அத்தனையும் வாங்கிக்கொண்டார். தண்ணிக்குள் முங்கினதையோ, கை கிழிந்ததையோ ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஒச்சாயிக்குத் தாங்கவில்லை.

"அக்கா, அவரும் தண்ணியோட போகப் பாத்தாரு. கத்தி கையில இருந்துச்சு. காதை அறுத்துட்டு வெலகி வந்துருக்கலாம். உசுரோட இருக்குன்னு காலைத்தான் விடுவிச்சாரு. ரெண்டு பேரும் சேந்து உருண்டாக."

"சும்மா இரு" என்றார் உக்கிரபாண்டி.

சோணையம்மாள் முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். அவருடைய கைமூட்டைப் பார்த்தாள். "வெள்ளன வாரேன், கை வைக்க" என்றாள். மறுபடி கீரையைக் கட்ட ஆரம்பித்துவிட்டாள்.

விடிந்தது. மழை விட்டு, ஓடை வடிந்து, வெயில் சுள்ளென்று வந்தது. ஊருக்கு மேற்கே பொட்டலில் கிடை நின்றது. சங்கிலி வேற்று மாட்டைப் பத்திக்கொண்டு கருக்கலிலேயே போய்விட்டான். எப்படித்தான் தெரிந்ததோ, ஊரில் பாதிப் பேர் வந்துவிட்டார்கள். டீக்கடைக்காரர்கூடப் பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்து நின்றார்.

ஒச்சாயி கடைசியாக ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள். "மயிலைய மறைக்கச் சொல்லல. கூட்டத்துக்கு நடுவுல நிப்பாட்டுனா என்ன?"

"அது எங்க நிக்கணும்னு நெனைக்கிதோ அங்க நிக்கட்டும்" என்றார்.

மயிலை முன்னத்தி மாடாயிற்றே, அது எங்கே நிற்கும்? கிடைக்கு முன்னால், வருகிறவர்களை வரவேற்கிற மாதிரி நின்றது. ஒச்சாயிக்கு அதன் முதுகில் ஒரு போடு போடலாம் போல வந்தது.

சோணையம்மாள் குளித்து நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு வந்தாள். உக்கிரபாண்டி தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டினார். கம்பைத் தரையில் படுக்க வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். கம்பு தரையில் கிடக்கிறவரைக்கும் கிடை அவருடையது இல்லை.

அவள் அவசரப்படவில்லை. மயிலையைத் தாண்டி உள்ளே போனாள். ஒரு செவலையின் மடியைப் பார்த்தாள். இன்னொன்றின் பல்லைப் பார்த்தாள். தலையீற்றுக் கிடாரி ஒன்றின் பக்கத்தில் ரொம்ப நேரம் நின்றாள். ஒச்சாயிக்கு உயிர் வந்தது. 'அதைத் தொடு, அதைத் தொடு தாயி' என்று மனசுக்குள் கும்பிட்டாள். சோணையம்மாள் அதையும் விட்டாள். சுற்றிக்கொண்டு வந்தாள். வந்து, நேரே மயிலையின் நெற்றியில் வலது கையை வைத்தாள்.

கூட்டத்தில் யாரோ 'ச்சு' கொட்டினார்கள். ஒச்சாயி புருசனைப் பார்த்தாள். அவர் முகம் ஒரு நொடி சுருங்கியது, அவ்வளவுதான்.

"நல்ல மாடுக்கா. நாலாவது ஈத்து செனை. மாசி கடைசியில ஈனும். கயிறு கொண்டாரவா?"

"கயிறு எதுக்கு? எங்க கொண்டுபோயிக் கட்டச் சொல்ற, என் அடுப்படியிலயா?" சோணையம்மாள் கையை எடுக்கவில்லை. "ஒன்கிட்டயே நிக்கட்டும். வாரம் பழைய வாரந்தான். ஒரு ஈத்து எனக்கு, ஒரு ஈத்து ஒனக்கு. மாசிக் கன்னு என்னுது, அத இப்பவே சொல்லிப்புட்டேன்."

டீக்கடைக்காரருக்கு வாய் சும்மா இருக்காது. "ஏத்தா, நேத்துத்தான் ஒண்ணத் தொலைச்சிட்டு வந்து நின்னாரு. திரும்பவும் அவருகிட்டயேவா விடுற?"

சோணையம்மாள் அவர் பக்கம் திரும்பினாள். "எங்கப்பன் காலத்துல இருந்து பாக்குறேன். எத்தனையோ கிடைக்காரன் காதைக் கொண்டாந்து குடுத்துட்டுப் போயிருக்கான். வாங்கி வச்சு அழுதுருக்கோம். எந்தக் காது செத்த மாட்டுக் காது, எந்தக் காது உசுரோட அறுத்தது, எவனுக்குத் தெரியும்? காதே இல்லாம வந்து நின்னவன் இவன் ஒருத்தன்தான். இவன்கிட்ட விடாம ஒன்கிட்டயா விடச் சொல்ற?"

உக்கிரபாண்டி அண்ணாந்து எதையோ பார்க்கிற மாதிரி வானத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டார். இருபத்திரண்டு வருசத்தில் ஒச்சாயி அவர் கண்ணில் தண்ணி பார்த்தது அன்றைக்குத்தான். அவளுக்கு மயிலை போன வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். தன் புருசனை ஊர் முழுக்கப் பார்க்கிறதே என்ற பெருமை ஒரு பக்கம். நேற்று 'பேசாம இருங்க' என்று சொன்ன வாயை நினைத்த வெட்கம் இன்னொரு பக்கம். எதற்கு அழுகிறோம் என்று தெரியாமலே அழுதாள்.

"என்னத்தப்பா வானத்தப் பாக்குற?" என்றாள் சோணையம்மாள். "கம்பை எடு. எம் மாடு பசியா நிக்கிது."

உக்கிரபாண்டி குனிந்து கம்பை எடுத்தார். "ஹோ" என்று ஒரு குரல் கொடுத்தார். மயிலை தலையை ஒரு சிலுப்புச் சிலுப்பிவிட்டுக் கரட்டைப் பார்த்து நடந்தது. மிச்சம் நூற்று நாற்பத்தொரு மாடும் சோணையம்மாள் மாட்டுக்குப் பின்னால் போயின.